மதாமின் இரண்டு மரண அறிவித்தல்கள்

எங்கள் வீட்டு அல்பத்தில், நயாகரா போன படங்களுக்கும் இளையவளின் முதல் பள்ளிக்கூட நாள் படத்துக்கும் இடையில் ஒரு கல்லறையின் படம் இருக்கிறது. சாம்பல் நிறக் கல், சுற்றிவரப் புல், பின்னால் ஒரு துண்டுக் கடல். கல்லில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயருக்குக் கீழே உள்ள இலக்கங்களில் கடைசி நாலும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருக்கும்.

"இது ஆர் அப்பா?" என்று நீங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு வயதில் கேட்டிருக்கிறீர்கள். மூத்தவளுக்கு "மதாமின்ர ஆக்கள்" என்றேன். இளையவள் கேட்டபோது வேலைக்குப் போகிற அவசரம். "பேந்து சொல்லுறன்" என்றேன். அந்தப் பேந்து இப்போதுதான் வந்திருக்கிறது. நீங்கள் தமிழை மெதுவாகத்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். சின்ன வசனமாக எழுதப் பார்க்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். மதாம் இருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார்.

மொன்றியலில் வீடு மாறுவதற்கென்று ஒரு நாள் இருக்கிறது. ஜூலை முதலாந் திகதி. அன்றைக்குப் பாதி நகரம் தன் மெத்தையையும் அலுமாரியையும் தெருவில் வைத்துக்கொண்டு நிற்கும். நாங்களும் அப்படி ஒரு ஜூலையில்தான் மொன்றியல் நோர் பகுதியிலிருந்து சென் மிஷெல் பகுதிக்கு வந்தோம். மேல்மாடி எங்களுக்கு. கீழே வீட்டுக்காரி. எழுபது வயது, கலியாணம் கட்டாதவர், தனி ஆள். தபால்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நானும் இன்னும் மூன்று பேரும் குளிர்சாதனப் பெட்டியை வெளிப்படியால் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கீழே நின்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்ர படிக்கட்டு உங்களை விட வயசு கூடினது. கவனம்" என்பதுதான்.

அவர் பிரெஞ்சில் கதைப்பார். எனக்கு விளங்காது என்று பட்டால் இங்கிலீசுக்கு மாறுவார். எனக்கு இரண்டும் அரைகுறை. அவர் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது. நாங்கள் அவரை மதாம் என்றோம். அவர் என்னை மிஸ்யே என்றார், பிரெஞ்சில் ஐயா என்பதுபோல. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை நின்றிருந்தது. நோர்வேக்காரர் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வானொலி பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் நோர்வே என்ற சொல் நிற்காது. ஒரு நாள் மதாம் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"மிஸ்யே, என்ர தலைக்கு மேல ஒவ்வொரு நாளும் ஒருத்தன் நோர்வே நோர்வே எண்டு கத்துறான். ஆர் அவன்?"

"அது செய்தி மதாம். எங்கட நாட்டில சமாதானம் பேச அவை வந்திருக்கினம்."

"ஆர், நோர்வேக்காரரோ?" அவர் வாசலில் நின்று சிரித்தார். "என்ர அப்பான்ர தாய் தகப்பன் நோர்வேக்காரர். எங்கட வீட்டில சமாதானம் பேச ஒருத்தரும் வரேல்லை."

உங்கள் அம்மா உடனே, "உள்ள வரச் சொல்லுங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றா. அவர் வரவில்லை. எங்களைத்தான் கீழே கூப்பிட்டார்.

மதாமின் குசினி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம், முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு தொங்கும். நாங்கள் பார்த்தது மட்டையின் முதுகைத்தான். அதில் பென்சிலால் எழுதிய நாலு பெயர், அவற்றின் கீழே ஓர் ஊரின் பெயர். "படம் திரும்பிப்போச்சு மதாம்" என்று மூத்தவள் ஒருமுறை நல்லெண்ணத்தோடு கதிரையில் ஏறித் திருப்பப் போனாள். மதாம் ஓடிவந்து கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பப்பாவும் அப்பம்மாவும் நோர்வேயின் வடக்கே ஒரு தீவிலிருந்து மொன்றியலுக்கு வந்தவர்கள். அப்பப்பா துறைமுகத்தில் சாமான் இறக்கினார். ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு இருந்தார்கள். இங்கே ஒரு மகன் பிறந்தான். பிறகு ஒரு மகள். ஐந்து வருடமும் முடியவில்லை, அவர்கள் திரும்ப நோர்வேக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தையான மகளைக் கொண்டு போனார்கள். நாலு வயது மகனைக் கொண்டு போகவில்லை. அந்த மகன்தான் மதாமின் தகப்பன்.

வீட்டுக்காரக் குடும்பம் அவரை வளர்த்தது. தங்கள் பெயரையே கொடுத்தது. தாயும் தகப்பனும் செத்துப்போனார்கள் என்று சொல்லி வைத்திருந்தது. அவருக்குக் கலியாணமான பிறகு, வளர்த்த தாய் சாகக் கிடந்தபோது உண்மையைச் சொன்னாளாம்: "அவை சாகேல்லை. ஊருக்குப் போட்டினம்." ஏன் என்று கேட்பதற்கு முதல் அவளும் போய்விட்டாள். அன்றைக்கு மதாமின் தகப்பன் வீட்டுக்கு வந்து, தன்னிடமிருந்த ஒரே குடும்பப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். எறியவில்லை. திருப்பி மாட்டினார். சாகும்வரை அது அப்படியே தொங்கியது. அவர் செத்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அப்படியே தொங்கியது.

"நீங்கள் திருப்பலாமே மதாம்?" என்று உங்கள் அம்மா கேட்டா.

"அப்பா திருப்பினதை நான் திருப்பேலாது. காரணம் தெரிஞ்சால் திருப்புவன்." மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். சொத்து வேண்டாம், சொந்தம் வேண்டாம். பிள்ளையை விட்டிட்டுப் போனவையோ, இல்லாட்டித் தவறவிட்டவையோ? அது மட்டும் தெரிஞ்சால் போதும்."

ஒருமுறை அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் போட்டாராம். பதில் இல்லை.

உங்கள் சித்தப்பா அப்போது நோர்வேயின் வடக்கே மீன் பக்ரறியில் வேலை செய்துகொண்டிருந்தார். படத்தின் முதுகில் இருந்த ஊர்ப்பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து, போன் காட் வாங்கி அவருக்கு எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"அண்ணை, அது எங்கட பக்ரறியில இருந்து ரெண்டு பெரிக் கப்பல் தள்ளி. கொஞ்சச் சனம், கனக்கச் செம்மறி. அங்க உங்களுக்கு என்ன அலுவல்?"

சொன்னேன்.

"ஒருக்காப் போய் விசாரியன்ராப்பா."

"என்னெண்டு விசாரிக்கிறது? கதவைத் தட்டி, நூறு வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளையைக் கனடாவில விட்டிட்டு வந்தனீங்களோ எண்டோ? இஞ்ச சனம் காலமை வணக்கம் சொல்லவே ஒரு வருசம் எடுக்கும்."

"அப்ப பேப்பரில போடு."

"போடலாம். அந்தப் பக்கத்துக்கெண்டு ஒரு சின்னப் பேப்பர் இருக்கு. நீங்கள் எழுதித் தாங்கோ. நீங்கள்தானே உதெல்லாம் எழுதுறனீங்கள்."

அது உண்மை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்ட கையோடு யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கிற வேலையில் சேர்ந்தேன். ஏழு வருடம். கலியாண அழைப்பும் கோத்தேன்தான். ஆனால் கூடுதலாகக் கோத்தது மரண அறிவித்தல். அதனால் இங்கே வந்து பாண் பேக்கரியில் வேலை செய்தாலும், எங்கள் சனத்தில் ஆராவது செத்தால் எனக்குத்தான் போன் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற இன்னாரின் மகளும், இன்னாரின் பேத்தியும் என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் எல்லோரையும் அவரவர் இருக்கும் நாட்டை அடைப்புக்குள் போட்டு எழுத வேண்டும். ஒருவரை விட்டாலும் சண்டை வரும். ஓர் ஆளை நாலு திசையிலிருந்தும் இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்கு அதைவிட நல்ல முறை இருப்பதாக எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

ஆகவே மதாமுக்கும் அப்படியே எழுதினேன். நோர்வேயின் வடக்கே இன்ன தீவைப் பூர்வீகமாகவும், கனடா மொன்றியலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவரும், காலஞ்சென்ற இன்னாரின் ஏக புத்திரியும், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பேத்தியும். அதோடு நின்றுபோய்விட்டது. புருசன் இல்லை. பிள்ளை இல்லை. கூடப்பிறந்தது இல்லை. நான் எழுதிய அறிவித்தல்களில் அவ்வளவு கட்டையானது வேறு இல்லை.

உங்கள் அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"இவ்வளவு பேர்தானோ? வாசிக்கிற சனம் மனிசி அநாதை எண்டெல்லோ நினைக்கும்."

"இல்லாத ஆக்களை நான் எங்க போய்ப் பிடிக்கிறது?"

"எங்களைப் போடுங்கோ. மேல்வீட்டில நாலு பேர் இருக்கிறம்தானே."

போட்டேன். மேல்மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினரின் அன்புக்குரியவரும் ஆவார் என்று. கடைசியில், கை பழகியபடி, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுத் தொடர்புகொள்ளவும், தகவல் மேல்மாடிக் குடும்பத்தினர் என்று எங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். மதாமுக்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். "பெரிய இடத்து மனிசி மாதிரி இருக்கு" என்று சந்தோசப்பட்டு, தன்னுடைய படமொன்றை எடுத்துத் தந்தார். கறுப்புச் சட்டையும் முத்துமாலையும் போட்ட படம். "படம் மேல நடுவில வரவேணும்" என்று சித்தப்பாவுக்குக் குறிப்பெழுதி எல்லாவற்றையும் அனுப்பினேன். அவர் தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் ஒரு வரி விடாமல் மாற்றி, பேப்பர்க் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐந்து கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மதாம் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைப் பார்த்தார். முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களைப் பிரித்துப் போட்ட மனிசி, தனக்கொரு கடிதம் வரும் என்று வெளிக்குளிரில் செருப்போடு நின்றதை மேலேயிருந்து கண்டிருக்கிறேன். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் வேலையால் வந்தபோது உங்கள் அம்மா குசினி மேசையில் தபாலில் வந்த காட் ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தா. சாம்பல் நிறக் காட், முன்பக்கத்தில் வெள்ளைப் பூ. உறையில் எங்கள் பெயர்.

"இஞ்சாருங்கோ, மனிசி செத்துப்போச்சுதாம்."

"எந்த மனிசி?"

"கீழ் மனிசி."

"இப்பதானே குப்பை வாளியை வெளியில வைச்சிட்டுப் போறா. எனக்கு மேர்சி எண்டு நன்றியும் சொன்னவ."

"எனக்கும்தான் தெரியும். வாசிச்சுப் பாருங்கோ."

இங்கிலீசில் அழகான எழுத்து. எழுதியவர் நோர்வேயில் அந்தத் தீவில் இருக்கும் ஓர் அம்மா. உங்கள் மாடியின் கீழ் வாழ்ந்த அம்மையாரின் மறைவுச் செய்தியைப் பேப்பரில் கண்டேன், அவரைப் பார்த்துக்கொண்ட தமிழ்க் குடும்பத்துக்கு என் அனுதாபமும் நன்றியும் என்று தொடங்கியிருந்தது. அந்த அறிவித்தலில் பாட்டன் பாட்டி என்று போட்டிருந்தவர்கள்தான் தனக்கும் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் என்று எழுதியிருந்தார். அன்றைக்குக் கொண்டுபோன கைக்குழந்தைதான் தன் தாய். ஆனால் அந்தக் குழந்தையின் அண்ணன் நாலு வயதில் கனடாவில் காய்ச்சலால் செத்துவிட்டான் என்றுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டது. நாலு வயதில் செத்த பிள்ளைக்கு எப்படி மகள் இருக்க முடியும்? இனி அவரிடம் கேட்கவும் வழியில்லையே என்று முடித்திருந்தார்.

சித்தப்பாவுக்கு எடுத்தேன்.

"டேய், எந்தப் பக்கத்தில போட்டவை?"

"நல்ல பக்கத்திலதான் அண்ணை. எல்லாரும் முதல் பாக்கிற பக்கம் எண்டு பேப்பர்க் கந்தோரில இருந்த பிள்ளை சொன்னது. கறுப்புக் கோடு அடிச்சு, மேல சின்னச் சிலுவையும் வைச்சு, வடிவாத்தான் போட்டிருந்தினம்."

"சிலுவையோ?"

"மரியாதைக்கு வைச்சவை எண்டு நினைச்சன்." பிறகு அவரே சொன்னார்: "அண்ணை, நீங்கள் எழுதித் தந்ததை ஆர் வாசிச்சாலும் அந்தப் பக்கத்திலதானே போடுவினம்."

ஏழு வருடம் மரண அறிவித்தல் பக்கத்தையே கோத்தவனுக்கு உயிரோடு இருக்கிற ஆளை எழுதத் தெரியவில்லை என்பதுதான் விசயம்.

காட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஒரு மனிசியிடம் அவருடைய சொந்தச் சாவுக்கு வந்த அனுதாபத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி என்று எந்த அச்சுக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசித்தார். முதல் பாதிக்கு, மேசையில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். "மிஸ்யே, நீர் என்னைச் சாகடிச்சுப்போட்டீர்!" காய்ச்சல் என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். எழும்பிப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு தரமும் வாசித்தார். பிறகு காட்டின் அடியில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தார்.

"நான் செத்தவள் கதைக்கிறன்" என்றுதான் தொடங்கினார்.

காட் எழுதிய அந்த அம்மா மதாமின் தகப்பனுடைய தங்கச்சியின் மகள். எங்கள் கணக்கில் மச்சாள். இரண்டு மச்சாள்மாரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். நான் எழும்பப் பார்த்தேன். மதாம் கையால் இரு என்று காட்டினார். இருந்தேன்.

மச்சாள் தன் தாயிடம் முந்திக் கேட்டு அறிந்தது இவ்வளவுதான். ஊரில் அப்பப்பாவின் தமையன் கடலில் மூழ்கிப் போய்விட்டான். வள்ளமும் வயதுபோன தாய் தகப்பனும் பார்க்க ஆளில்லாமல் கிடந்தார்கள். உடனே வரச் சொல்லிச் செய்தி வந்தது. அந்த நேரம் மகனுக்குத் தொற்றுக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தனி வார்ட்டில் வைத்து, தாயைக்கூட உள்ளே விடவில்லை. ஆறு உறைவதற்கு முதல் போகிற கடைசிக் கப்பல் அது. அதை விட்டால் வசந்தத்துக்குத்தான். பிள்ளையை வீட்டுக்காரரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் ஊர்க்காரன் ஒருவன் மொன்றியலுக்கு வந்து திரும்புகிறவன், கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. அவன் வந்தான். அந்த விலாசத்தில் வேறு சனம் இருந்தது. முந்தின ஆட்கள் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் ஊருக்குத் திரும்பி வந்து சொன்ன பிறகு அப்பப்பா, பிள்ளை அந்த மாரியிலேயே காய்ச்சலால் செத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார். வீட்டில் இனி அந்தக் கதை கூடாது என்றார்.

போனை வைத்துவிட்டு மதாம் என்னைப் பார்த்து, "பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவன் எப்ப வந்திருப்பான்?" என்று கேட்டார். நான் முழித்தேன். "ஐஸ் கரைஞ்ச பிறகுதானே கப்பல் வரும். மே மாசம். அந்தக் காலத்தில வீடு மாறுற நாள் ஜூலை இல்லை மிஸ்யே, மே முதலாந் திகதி."

வளர்த்த குடும்பத்துக்கும் அது சொந்த வீடில்லை, வாடகைக்கு எடுத்து அதில் இரண்டு அறையை இவர்களுக்கு விட்டிருந்ததுதான். எல்லோரையும்போல அந்த நாளில் அவர்களும் கட்டில் சட்டி பானையோடு, குணமாகி வந்த பிள்ளையோடு, வேறு தெருவுக்குப் போயிருப்பார்கள்.

"ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே" என்றேன்.

"அவைக்கு எழுத வாசிக்கத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சிருந்தாலும் எழுதியிருப்பினமோ தெரியாது. நல்ல சனம். பிள்ளையைத் திருப்பிக் குடுக்க மனம் வந்திராது" என்றார்.

அத்தோடு படம் திரும்பும் என்று நினைத்தேன். மதாம் அதைப் பார்க்கவே இல்லை. "செத்துப்போச்சு எண்டு சொல்லுறது, விட்டிட்டு வந்த வெக்கத்தை மறைக்கவும் சொல்லலாம்" என்றார். இன்னொன்றும் அவரைக் குத்தியது. கல்லறையில் பாட்டன் பாட்டியின் பெயருக்குக் கீழே அந்தப் பிள்ளையின் பெயரும் இருப்பதாக மச்சாள் சொல்லியிருந்தார். அப்பப்பா செத்த பிறகு அப்பம்மா செய்வித்த கல் அது. "என்ர அப்பா இஞ்ச பஸ் ஓட்டிக்கொண்டிருக்க, பெத்த தாய் அங்க அவரைக் கல்லில வெட்டி வைச்சிருக்கிறா. சரி. எனக்கு இவ்வளவும் காணும்."

அந்த மாரி முழுக்க அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தபால்பெட்டியையும் நாளுக்கொருமுறை பார்ப்பதை விட்டார்.

நான்தான் சித்தப்பாவைக் கல்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மதாமிடம் கேட்காமல் செய்தேன். அவரைச் சாகடித்தவன் நான், அந்தளவு கடமை இருப்பதாகப் பட்டது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை சித்தப்பா இரண்டு பெரி ஏறிப் போய், மச்சாளையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனார். அங்கேயிருந்து கைத்தொலைபேசியில் எடுத்தார். காற்று இரைந்தது.

"அண்ணை, பெடியன்ர பேருக்குக் கீழ பிறந்த வருசம் இருக்கு. பேந்து ஒரு கோடு. கோட்டுக்கு அங்கால ஒண்டுமில்லை."

"ஐஸ் மூடியிருக்கும். சுரண்டிப் பார்."

"கார்க் கண்ணாடி சுரண்டுறதால சுரண்டிப்போட்டன். விரலாலயும் தடவிப் பாத்தன். வெட்டவே இல்லை. கல் வெட்டினவன் மறந்துபோனான் எண்டுதான் இவையள் இவ்வளவு காலமும் நினைச்சவையாம்."

படம் தபாலில் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். பிறகு இளையவளின் அடிமட்டத்தை எடுத்து வைத்து அளந்தேன். பேக்கரிச் சட்டையைக்கூட மாற்றாமல் கீழே இறங்கினேன்.

"மதாம், நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்லை. இதை ஒருக்காப் பாருங்கோ. எல்லா வரியையும் நடுவில வைச்சு வெட்டியிருக்கிறான். பெயரெல்லாம் நடு. பாட்டன்ர வருசம் நடு. பாட்டியின்ர வருசம் நடு. இந்த வரி மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நிக்குது."

"மறந்துபோனானாம்."

"மறக்கேல்லை. பிறந்த வருசத்தை மட்டும் வெட்டச் சொல்லியிருந்தால் அதை நடுவில வைச்சிருப்பான். இஞ்ச அடிமட்டத்தை வைச்சுப் பாருங்கோ. கோட்டுக்கு அங்கால சரியா நாலு இலக்கத்துக்கு இடம். அதை நிரப்பினால் இந்த வரியும் நடு. அச்சுக்கூடத்தில நாங்களும் அப்பிடித்தான் செய்யிறது. திகதி தெரியாட்டி அந்த இடத்தில எழுத்தில்லாத வெறுங்கட்டையைக் கோத்து வைப்பம். தெரிஞ்ச பிறகு கட்டையை எடுத்திட்டு எழுத்தை வைக்கிறது. இது அளந்து விட்ட இடம்."

அவர் அடிமட்டத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். தபால்கந்தோர் ஆள், லேசில் நம்பமாட்டார். "செத்த வருசம் தெரியாமல் இடம் விட்டிருக்கலாம்."

"தெரியுமே மதாம். அந்த மாரியில செத்தது எண்டு உங்கட அப்பப்பா ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். எல்லாருக்கும் தெரிஞ்ச வருசம். அப்பம்மா அதை வெட்டச் சொல்லேல்லை. பிள்ளை செத்தது எண்டு அவ நம்பேல்லை."

வெளியே பனி அள்ளுகிற வண்டி ஒன்று தெருவின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் போனது. சத்தம் அடங்கிய பிறகு மதாம் கதிரையை இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். மட்டையிலிருந்த தூசியை முழங்கையால் துடைத்தார். திருப்பி மாட்டினார்.

ஒரு தகப்பன், ஒரு தாய், தாயின் மடியில் ஒரு குழந்தை. நடுவில் ஒரு சின்னப் பெடியன், சப்பாத்து லேஸ் அவிழ்ந்திருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"லேஸைக் கட்டிவிடாமல் படம் எடுத்திருக்கினம்" என்றார் மதாம். பிறகு கோப்பி போட்டார்.

அடுத்த கோடையில் சித்தப்பாவும் மச்சாளும் ஓர் ஆளைப் பிடித்து, மதாமின் தகப்பன் உண்மையில் செத்த வருடத்தை அந்த இடத்தில் வெட்டுவித்தார்கள். நாலு இலக்கமும் சரியாகப் பொருந்தின. அந்தப் படம்தான் அல்பத்தில் இருப்பது. மதாம் இரண்டு பிரதி வரவழைத்து, ஒன்றை எங்களுக்குத் தந்தார். மச்சாள் ஒருமுறை மொன்றியலுக்கும் வந்தார். நீங்கள் அவவோடு பிரெஞ்சில் கதைத்து, அவவுக்கு விளங்கவில்லை என்று சிரித்தீர்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு மதாம் உண்மையாகவே காலமானார். அறிவித்தலை நானே எழுதினேன். வேறு ஆர் எழுதுவது. இந்த முறை மச்சாள், நோர்வே என்று அடைப்புக்குள் போட்டேன். மச்சாளின் பிள்ளைகள் மூன்று பேர், அவர்களின் பிள்ளைகள் என்று வரி நீண்டது.

"இப்ப பேர் கனக்க இருக்குத்தானே. எங்களை எடுத்து விடுவமோ?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

"ஏன்? மேல்வீட்டிலதானே இன்னும் இருக்கிறம்" என்றா.

எடுக்கவில்லை. சித்தப்பா அதைப் பழையபடி மொழிமாற்றி அதே பேப்பருக்குக் கொண்டுபோனார். கந்தோரில் அதே பிள்ளைதான் இருந்ததாம், பழைய கதை அவளுக்கும் தெரிந்திருந்தது. கறுப்புச் சட்டையும் முத்துமாலையுமாக இருந்த படத்தைக் கண்டதும் அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"இந்த முறை உண்மையோ?" என்று கேட்டாளாம்.

சித்தப்பா ஓம் என்றார்.